ஜாமீன் மறுத்தால் கதை முடிந்துவிடுமா?

லாயாங் லாயாங் தோட்டத்துப் பெற்றோர்களே! உங்கள் பிள்ளைக்குக் குளுவாங் நீதிமன்றம் ஜாமீன் மறுத்துவிட்டதா? கட்ட முடியாத தொகையைச் சொல்லிவிட்டதா? தலையெழுத்து என்று அழுதுகொண்டே வீடு திரும்பாதீர்கள்!

2007 நவம்பர் 25, பத்துமலைச் சம்பவம் நினைவிருக்கிறதா? நம்மவர் 31 பேர் மீது கொலை முயற்சிக் குற்றம் சாட்டினார்கள். ஷா ஆலம் செஷன்ஸ் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. டிசம்பர் 17இல் அரசுத் தரப்பே அந்தக் குற்றச்சாட்டை மீட்டுக்கொண்டது. அதுவரை சிறையில் கழிந்த நாட்களை யார் திருப்பித் தருவார்?

ஜாமீன் என்பது தண்டனை அல்ல. விசாரணைக்கு வருவார் என்பதற்கான உத்தரவாதம் மட்டுமே. தொகை அளவுக்கு மீறி இருக்கக்கூடாது என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389ஆம் பிரிவு. உயர்நீதிமன்ற நீதிபதி அதைக் குறைக்கலாம். மறுத்தாலும், 394ஆம் பிரிவின்படி உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். கொலை, சொஸ்மா வழக்குகளில் ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம். மற்ற பல வழக்குகளில் கதவு திறந்தே இருக்கிறது.

வக்கீலுக்குக் காசில்லையா? தேசிய சட்ட உதவி அறவாரியம் குடிமக்களுக்கு இலவசமாக வாதாடுகிறது. பிள்ளையின் வேலைக் கடிதமும் ஜாமீன் நிற்பவரின் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். நாள் கடத்தாதீர்கள். கேட்காத உரிமை கிடைக்காது!