ஆட்டோமேட்டிக் பிக்கப்புக்குத் தோட்டத்திலேயே ஆயில் மாற்றலாமா?

கேள்வி: ஆறு மாதம் முன்பு கடன் வாங்கி ஒரு பழைய பிக்கப் எடுத்தோம். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி, 90 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது. தக்காளி ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் ரோடு எம்.ஜி.ஆர். மார்க்கெட்டுக்குப் போய் வருகிறோம். கொஞ்ச நாளாக லோடோடு கிளம்பும்போது ஓர் உதறல் வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு பணத்துக்கு இப்போது வழியில்லை. துபாயில் வண்டி ஓட்டும் எங்கள் மச்சினன், ஆயிலை மாற்றினாலே சரியாகும், நீங்களே மாற்றலாம் என்கிறான். காந்திபுரம் கடையில் சிவப்பு ஆயில் 4 லிட்டர் வாங்கி வைத்துவிட்டோம். மாற்றலாமுங்களா?
- ஒரு வாசகர், கிணத்துக்கடவு

பதில்: வாங்கிய டப்பாவை இன்னும் திறக்கவில்லை என்றால் திறக்க வேண்டாம். பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன்.

நம் பக்கம் ஓடும் பொலிரோ, தோஸ்த், ஏஸ் போன்ற சரக்கு வண்டிகளில் பெரும்பாலானவை கையால் கியர் போடுகிறவை. ஆட்டோமேட்டிக் பிக்கப் என்றால் இசுசு வி-கிராஸ், 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் ஊர் மெக்கானிக் பலருக்கு இதில் பழக்கம் குறைவு. வளைகுடா நாடுகளில் இந்த வகைதான் அதிகம் என்பதால் உங்கள் மச்சினனுக்கு இது தெரிந்திருக்கிறது. அவர் சொன்னது பாதி சரி.

சாதாரண கியர்பாக்ஸில் ஆயிலுக்கு வேலை வழவழப்புத் தருவது மட்டுமே. ஆட்டோமேட்டிக்கில் ஆயில்தான் வேலையாள். பம்புசெட்டில் இம்பெல்லர் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிறதல்லவா? அதுபோல இன்ஜின் ஒரு சக்கரத்தைச் சுற்ற, அது ஆயிலைத் தள்ள, அந்த ஆயில் எதிரே இருக்கும் இன்னொரு சக்கரத்தைச் சுற்றுகிறது. இதற்கு டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் ஆயிலின் அழுத்தமே. சூட்டை வாங்கிக்கொண்டு போய்க் கூலரில் ஆறுவதும் அதே ஆயில். இத்தனை வேலை செய்யும் ஆயில் கெட்டால் உதறல், தாமதம், வழுக்கல் எல்லாம் வரும்.

ஆனால் அந்த அறிகுறிகள் வந்தாலே ஆயில்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. முதலில் ஆயிலைப் பாருங்கள். டிப்ஸ்டிக் இருந்தால் வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைத்தால் போதும். சிவப்பு மங்கிப் பழுப்பாகி, மற்றபடி தெளிவாக இருந்தால் மாற்றிப் பார்க்கலாம், பலன் கிடைக்க வாய்ப்புண்டு. கருத்து, கருகிய வாடை அடித்து, தொட்டால் மணல்போல் நெருடினால் கிளட்ச் தட்டு தேய்ந்து ஆயிலில் கலந்திருக்கிறது. தேய்ந்த தட்டைப் புது ஆயில் வளர்த்துத் தராது. அப்போது ஆயிலுக்குச் செலவழிக்காமல் அந்தப் பணத்தைப் பழுதுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது என்று பொருள். அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டவே கூடாது, கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

இப்போது அந்த 4 லிட்டருக்கு வருகிறேன். சிவப்பு என்பது சாயம், தரக் குறியீடு அல்ல. பவர் ஸ்டீயரிங் ஆயிலும் சிவப்பாக இருக்கும், ஒன்றுக்கொன்று ஒத்துவராத பல வகை ஆட்டோமேட்டிக் ஆயில்களும் சிவப்பாகவே இருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் எந்த வகை ஆயில் என்று அச்சிட்டிருப்பார்கள். டொயோட்டாவில் 'டபிள்யூ.எஸ்.' என்று இருக்கும், மற்ற கம்பெனிகள் வேறு பெயர் போடுவார்கள். டப்பாவில் அதே பெயர் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். 'எல்லா வண்டிக்கும் ஆகும்' என்ற வாய்ச்சொல்லை நம்பி ஊற்ற வேண்டாம், பில்லைக் காட்டித் திருப்பிக் கொடுங்கள். பழைய வண்டி என்பதால் கையேடு கிடைக்கவில்லை என்றால், சேஸிஸ் எண்ணைக் கம்பெனி சர்வீஸ் மையத்தில் சொன்னால் ஆயில் வகையையும் அளவையும் சொல்லிவிடுவார்கள்.

அளவிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இத்தகைய வண்டியில் மொத்தம் 8 முதல் 10 லிட்டர் வரை இருக்கலாம். அடியில் இருக்கும் போல்ட்டைத் திறந்தால் 3 அல்லது 4 லிட்டர்தான் இறங்கும். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் நின்றுவிடும். மருந்து டேங்க்கை முழுதாகக் கவிழ்க்காமல் அலசுவது மாதிரிதான் இது. 10 லிட்டரில் 4 லிட்டர் மாற்றினால் புது ஆயில் 40 சதவீதம். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி 4 லிட்டர் மாற்றினால் 64, மூன்றாம் முறை 78 சதவீதம் ஆகும். ஆகவே ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

இனி, நீங்களே செய்யலாமா என்பது. டிப்ஸ்டிக் உள்ள வண்டியானால், சாவி பிடித்துப் பழக்கம் உள்ளவர் செய்யலாம். முதலில் ஆயில் ஊற்றும் துளை திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே இறக்கும் போல்ட்டில் கை வையுங்கள். எல்லா ஆயிலையும் இறக்கிவிட்டு, ஊற்றும் மூடி திறக்காமல் வண்டியைத் தோட்டத்தில் போட்டு வைத்தால் அன்றைய லோடும் போகும், டோ வண்டிக்கும் பணம் போகும். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்குங்கள். நேராக மார்க்கெட்டிலிருந்து வந்த வண்டியின் ஆயில் கையைப் பொத்துவிடும். இறங்கியதை லிட்டர் கோடு போட்ட வாளியில் பிடித்து அளந்து, அதே அளவு புதிதாக ஊற்றுங்கள். போல்ட்டுக்குப் புது வாஷர் போட வேண்டும். கெட்டியாக இருக்கட்டும் என்று நீளக் குழாய் மாட்டி முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் மெதுவாகக் கொண்டுபோய்த் திரும்ப பார்க்கில் வைத்து, கையேடு சொல்கிறபடி அளவு பாருங்கள். குறைந்தால் வழுக்கும், கூடினால் நுரைக்கும்.

டிப்ஸ்டிக் இல்லாத வண்டியானால், புதிய வண்டிகளில் பலவும் அப்படித்தான், வீட்டில் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. அதில் ஆயில் கம்பெனி சொன்ன வெப்பநிலையில் இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி நாலு பக்கமும் மட்டமாக நிற்க, அடியில் இருக்கும் அளவுத் துளையைத் திறந்து வழிவதை வைத்து அளவு பார்க்க வேண்டும். அந்த வெப்பநிலையைக் காட்ட ஸ்கேனர் கருவி வேண்டும். ஆயிலை நீங்கள் வாங்கிக் கொடுத்து, ஸ்கேனரும் லிஃப்ட்டும் உள்ள ஒர்க்‌ஷாப்பில் கூலி மட்டும் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். கியர்பாக்ஸை இறக்குவதோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு. இறக்கச் சொன்னவர்களிடமே, ஸ்கேனரில் என்ன கோடு காட்டியது, ஆயிலைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். இரண்டையும் பார்க்காமல் சொல்லியிருந்தால் இன்னோர் இடத்திலும் காட்டுவது நல்லது.

வண்டிக்கு அடியில் படுக்கிறவர்களுக்கு ஒன்று. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. ஹாலோ பிளாக், செங்கல் முட்டுக் கொடுப்பதைப் பல தோட்டத்துச் சாளைகளில் பார்க்கிறேன். ஹாலோ பிளாக் எச்சரிக்கை கொடுக்காமல் ஒரே நொடியில் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு வேண்டும், சிமெண்ட் தளம் வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் அந்த வேலையை விட்டுவிடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவும் வேண்டாம்.

சாதாரண கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: உங்களுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. பக்கவாட்டுத் துளையில் ஆயில் வழியும் வரை ஊற்றி மூடினால் முடிந்தது. ஆனால் கியர்பாக்ஸ் ஆயிலும் பின் ஆக்சில் ஆயிலும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள். பல வண்டிகளில் கியர்பாக்ஸுக்கு ஜி.எல்.4, ஆக்சிலுக்கு ஜி.எல்.5 என்று இருக்கும். சில ஜி.எல்.5 ஆயில்களில் உள்ள கந்தகச் சேர்மானம் கியர்பாக்ஸின் பித்தளை வளையங்களை அரிக்கும். டிராக்டரில் ஆயிலில் மூழ்கிய பிரேக் இருந்தால் கியர், ஹைட்ராலிக், பிரேக் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே ஆயில்தான். அங்கே வெறும் கியர் ஆயிலை ஊற்றினால் பிரேக் அலறும், பிடிமானமும் குறையும்.

லோடு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் ஆயிலுக்கு எமன் சூடு. அளவுக்கு மேல் கிரேடு அடுக்கி, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறுகிற வண்டிக்கும், ஊருக்குள் ஓடுகிற வண்டிக்கும் ஒரே கெடு பொருந்தாது. கையேட்டில் 'கடினப் பயன்பாடு' என்று தனிக் கெடு இருக்கும், நீங்கள் அதைப் பின்பற்றுங்கள். மேட்டில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியைப் பிடித்து வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், பிரேக்கில் நிறுத்துங்கள்.

கடைசியாக என் துறைக்கு வருகிறேன். இறக்கிய பழைய ஆயிலை என்ன செய்வீர்கள்? வேலிக் கம்பத்துக்குப் பூசுவது, மாட்டுப் புண்ணுக்குத் தடவுவது, வெல்ல ஆலை அடுப்பில் ஊற்றுவது எல்லாம் நடக்கிறது. மூன்றும் வேண்டாம். வாய்க்காலிலோ குப்பைக் குழியிலோ ஊற்றினால் மண்ணில் இறங்கி ஒருநாள் கிணற்றில் வந்து நிற்கும். தென்னையில் சுருள் வெள்ளை ஈ 2016-இல் பொள்ளாச்சியில் தெரிந்த நாளிலிருந்து மஞ்சள் ஒட்டும் பொறி வைக்கச் சொல்லி வருகிறோம். அதற்கும் சிலர் பழைய ஆயிலைத் தடவுகிறார்கள். மழை பெய்தால் அது வழிந்து மரத்தடிக்கே வரும். பொறிக்கு விளக்கெண்ணெய் போதும். பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து, தண்ணீர் கலக்காமல், அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளருக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் பழைய ஆயிலைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு ஆயில் தயாரிப்பாளர்கள் மீது சட்டப்படி இருக்கிறது. அதனால் கேனை வாங்க மாட்டோம் என்று ஓர் இடத்தில் சொன்னால் அடுத்த இடத்தில் கேட்டுப் பாருங்கள்.