தோட்டத்து மக்களின் வழக்கு யார் மேசையில்?

பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களில் பலர், வாழ்நாளில் முதன்முதலாகக் கையில் வாங்கும் வழக்கறிஞர் கடிதம் எதிர்த்தரப்பிலிருந்து வருவதுதான். தோட்டம் கைமாறியிருக்கும். லயத்து வீட்டை இத்தனை நாளுக்குள் காலி செய்யுங்கள் என்று மலாயில் நாலு வரி. அதைப் படித்துச் சொல்ல, பேரப்பிள்ளை பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஈப்போவில் வழக்கறிஞர் நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பல, சமூகத்துக்குத் தம்மால் இயன்றதைச் செய்கின்றன. தீபாவளிக்கு அரிசி, எண்ணெய். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு நன்கொடை. கோயில் மண்டபத்தில் சட்ட விளக்கக் கூட்டம். இவற்றை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் அரிசியைக் கடைக்காரரும் கொடுக்கலாம். ஒருவருடைய வழக்கைக் கையிலெடுத்துத் தீர்ப்புவரை கொண்டுசேர்க்க வழக்கறிஞரால் மட்டுமே முடியும். பேராக் நிறுவனங்களின் சமூகப் பணி இனி அதிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறோம்.

இந்த ஊருக்கு அது புதிதுமல்ல. டி. ஆர். சீனிவாசகமும் அண்ணன் எஸ். பி. சீனிவாசகமும் ஈப்போவில் வழக்கறிஞர்களாக இருந்தவர்கள். ஏழைகளிடம் கட்டணம் கேட்காமல் வாதாடினார்கள் என்று ஈப்போ முதியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 1957 முதல் 1969-இல் மறையும்வரை டி. ஆர். ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். அவர் பெயரில் நகரின் நடுவே பூங்கா இருக்கிறது. நீதிமன்றத்தில் தங்களுக்காக எழுந்து நின்றவரை மக்கள் எளிதில் மறப்பதில்லை.

நம் காலத்திலும் இந்திரா காந்தி வழக்கைப் பார்த்தோம். ஈப்போ பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர், தம் சம்மதமின்றிப் பிள்ளைகள் மதம் மாற்றப்பட்டதை எதிர்த்து 2009-இல் தொடங்கிய போராட்டம். 2013-இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வெற்றி, 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோல்வி. 2018 ஜனவரி 29-இல்தான் கூட்டரசு நீதிமன்றம் அந்த மதமாற்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. எம். குலசேகரன் உள்ளிட்ட வழக்கறிஞர்கள் இத்தனை ஆண்டுகள் விடாமல் நின்றிராவிட்டால் அந்தத் தாய் தனியாக என்ன செய்திருக்க முடியும்?

தோட்டத்து வழக்குகள் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வருவதில்லை; ஆனால் அவற்றுக்குக் காலக்கெடு கடுமையானது. நியாயமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டப்படி 60 நாளுக்குள் முறையிட வேண்டும். தோட்டம் மூடி ஆட்குறைப்பு நடந்தால், 1980-ஆம் ஆண்டு விதிகள் ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் தரச் சொல்கின்றன. முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவருக்கு 600 நாள் சம்பளம். கிராணி நீட்டிய தொகை சரிதானா என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஓர் ஆள் வேண்டாமா? வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் வழக்கோ சாட்சி விசாரணை இல்லாமல், சத்தியப் பிரமாண வாக்குமூலங்களை வைத்தே முடிந்துவிடக்கூடியது. பதில் வாக்குமூலம் எழுதத் தெரியாதவர் நீதிமன்ற வாசலுக்கு வருமுன்பே தோற்றுவிடுகிறார்.

இதைவிடப் பெரிய துயரம் பத்திரமில்லாதவர்களுடையது. தோட்டத்திலேயே பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாமல், அல்லது நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்குச் சட்டப்படி தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையை நீக்கும் திருத்தத்தை 2024 அக்டோபரில் மக்களவை ஏற்றுக்கொண்டது. ஆகவே ஒரு குடும்பத்தின் பழைய பத்திரச் சிக்கலை இன்றே தீர்ப்பது, நாளை பிறக்கப்போகும் குழந்தையையும் காப்பாற்றும். குற்ற வழக்குகளுக்கு உதவும் தேசிய சட்ட உதவி அறவாரியம் குடிமக்களுக்கென அமைந்தது. குடியுரிமைக்காகவே அலைகிறவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. தன்னார்வ வழக்கறிஞர்தான் அவருக்கு மிஞ்சிய வழி.

தோட்டம் தோட்டமாகப் போனால் வழக்குப் பிடிப்பதாகப் பேச்சு வராதா என்று சில வழக்கறிஞர்கள் தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம்தான்; வழக்குப் பிடிப்பதைத் தொழில்நெறி விதிகள் கண்டிப்பாகத் தடுக்கின்றன. நிறுவனத்தின் பெயரில் போகாமல், பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் வழியாகப் போனால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. சிறிய அலுவலகங்கள் இலவச வழக்குகளைத் தாங்குமா என்ற கேள்வியும் உண்டு. நூறு வழக்கு வேண்டாம். ஓர் அலுவலகம் ஆண்டுக்கு ஒரு தோட்டத்து வழக்கை ஏற்கட்டும். வென்றால் பங்கு தருகிறேன் என்று பேசிக்கொள்வதை நம் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் கையில் காசில்லாதவர், யாரேனும் இலவசமாக ஏற்றாலொழிய, வழக்குப் போடுவது மிகக் கடினம்.

சுங்கை சிப்புட், பத்து காஜா, கம்பார், தாப்பா ஆகிய ஊர்களில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ ஒரு மேசை போடுங்கள். வார நாளில் என்றால், பேருந்து ஏறி ஈப்போ வந்துபோக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். தமிழில் கேட்டு மலாயில் எழுதத் தெரிந்த இளம் வழக்கறிஞர் இருவர் போதும். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பையோடு வருவார்கள். சிவப்பு அட்டை, மங்கிப்போன சம்பளச் சீட்டு, பெயர் தப்பாக எழுதிய பிறப்புப் பத்திரம், அந்த வழக்கறிஞர் கடிதம் எல்லாம் அதற்குள் இருக்கும். ஒவ்வொரு காகிதத்தையும் பிரித்துப் பாருங்கள். அடுத்து எப்போது, யாரிடம் வர வேண்டும் என்று பெயர் குறித்து ஒரு சீட்டும், வழக்குக்கு ஓர் எண்ணும் கொடுத்தனுப்புங்கள்.