நடுகற்களுக்கோர் ஆய்வு நடுவம்



தகடூர் நாட்டின் பழம்பெருமையை மேடைதோறும் பேசுகின்றோம். அதியமான் பெயரை ஊருக்கு வைத்துள்ளோம். அவனுக்குக் கோட்டமும் எழுப்பியுள்ளோம். ஆயினும், அவன் போரைப் பொருளாகக் கொண்ட தகடூர் யாத்திரை முழுநூலாக நம் கைக்கு வரவில்லை. சிதறிய சில பாடல்களே எஞ்சின. ஏடு அழிந்தது, கல் நின்றது. திருக்கோவலூர்ப் பக்கத்துச் சம்பை என்னும் சிற்றூரில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியைச் 'சதியபுதன்' எனக் குறித்தது. அசோகன் தன் கல்வெட்டிற் சோழரோடும் பாண்டியரோடும் சேர்த்துரைத்த சத்தியபுதர் யாவர் என்று அறிஞர் நெடுங்காலம் கொண்டிருந்த மயக்கத்தை அவ்வொரு கல் தீர்த்தது.

அத்தகைய கற்கள் இம்மாவட்டத்தில் எத்தனை எத்தனை! பல்லவ வேந்தரின் ஆட்சியாண்டு பொறித்த வட்டெழுத்து நடுகற்கள் அரூர், பென்னாகரப் பக்கங்களிலும், 2004-இற் பிரிந்த கிருட்டிணகிரியிலும், அடுத்துள்ள செங்கத்திலும் நிறைந்துள்ளன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை வெளியிட்டபோதுதான் இச்செல்வத்தின் அளவை நாடு சிறிதேனும் உணர்ந்தது. வேந்தர் மெய்க்கீர்த்தியிற் காணவியலாத எளிய மாந்தரின் பெயர் இக்கற்களில் உள்ளது. ஆநிரை மீட்டு மாண்டவன் பெயர் உள்ளது. எடுத்தனூர்க் கல்லிலோ, தலைவனோடு நின்று கள்வரைக் கடித்த 'கோவிவன்' என்னும் நாயின் பெயரும் உள்ளது.

இன்று அவற்றின் நிலை என்ன? சில கற்களை வேடியப்பன் என்று ஊரார் வழிபடுகின்றனர்; அவை பிழைத்தன. ஏனையவை வரப்பிற் சாய்ந்தும், படிக்கல்லாயும், துவைகல்லாயும் தேய்கின்றன. கருங்கல் வெட்டும் குழிகளும் சாலை அகலப்படுத்தும் பொறிகளும் ஆண்டுதோறும் நெருங்கி வருகின்றன. கண்டறிவதற்கு முன்னரே உடையும் கல்லை எந்த ஆய்வும் மீட்காது.

எனவே, 1997-இல் தோன்றிய சேலம் பெரியார் பல்கலைக்கழகம், பைசுஅள்ளியில் உள்ள தன் விரிவாக்க நடுவத்தில் நடுகல்லுக்கெனத் தனி ஆய்வு நடுவம் ஒன்றை நிறுவுதல் வேண்டும் என்பது எம் வேண்டுகோள். ஆயின், 'நடுவம்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிடல் ஆகாது. அடிக்கல், பெயர்ப்பலகை, ஓர் எழுத்தர், பூட்டிய அறை என்றிருப்பது நடுவமன்று. எது நடுவம் என்பதற்கு நம் கண்முன்னே இரு சான்றுகள் உள்ளன.

ஒன்று, செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம். மொழிஞாயிறு பாவாணர் அதன் இயக்குநராக 1974-இல் அமர்த்தப்பட்டபோது அவர்க்கு அகவை 72. ஏழாண்டு கழியுமுன் 1981-இல் அவர் மறைந்தார். முதற்பகுதி 1985-இல்தான் வெளிவந்தது. திட்டம் நிறைவெய்தியதோ 2011-இல். அவர்தம் ஐம்பதாம் அகவையிலேயே அரசும் பல்கலைக்கழகமும் அப்பணியை ஒப்படைத்திருந்தால், அப்பேரறிஞர் தம் நூலைத் தாமே முடித்துத் தந்திருத்தல் கூடும். ஆளைத் தேடுவதிற் காட்டும் காலத்தாழ்ச்சி ஆய்வையே விழுங்கும் என்பது இதனாற் பெறும் பாடம்.

மற்றொன்று, 1981-இல் நிறுவப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம். அதன் கல்வெட்டு, தொல்லியல் துறையைச் சார்ந்த ஆய்வு மாணவர், ஊர் ஊராக நடந்த களப்பணியில், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டனர். தொல்காப்பியம் கூறும் 'ஆகோள்' என்னும் சொல் அவற்றுள் ஒன்றிற் பொறிக்கப்பட்டிருந்தது. இலக்கணத்திற் படித்த சொல்லைக் கல்லிற் கண்டது தமிழுலகு. அதனைக் கண்டது கட்டடமன்று. பயிற்சி பெற்ற இளைஞரின் கால்களும் கண்களுமே.

இனிப் பொருள் பற்றிய வினா எழும். 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகமே 2024-இல் ஊதியம் வழங்க இடர்ப்பட்ட நாட்டில், புதிய நடுவத்திற்குப் பொருள் எங்கே என்பார். ஆண்டுதோறும் அரசின் கையை எதிர்பார்க்கும் நடுவம் நெடுநாள் வாழாது என்பது உண்மையே. அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 இலக்கம் தாலரை உலகத் தமிழர் திரட்டினர். தமிழ்நாட்டரசும் 10 கோடி உருபா நல்கியது. அம்முதலைத் தொடாது, அதன் வருவாயால் இருக்கை நடக்க வேண்டும் என்பதே அங்குள்ள முறை. கடல் கடந்து அளித்த கை, தகடூர்க்கு அளிக்கத் தயங்குவதேன்?

குடிநீருக்கும் மருத்துவத்திற்கும் ஏங்கும் மாவட்டத்திற் கல்லுக்கா செலவு என்றும் சிலர் கேட்பர். நேரிய வினாவே. ஆனால், யாம் கேட்பது மாளிகையன்று. வட்டெழுத்துப் படிக்க வல்ல நிலையான ஆசிரியர் இருவர், ஆய்வு மாணவர் அறுவர், மைப்படி எடுப்பார் ஒருவர், ஓர் ஊர்தி, இவை போதும். மருத்துவமனையை அடுத்த ஆண்டும் கட்டலாம். உடைந்த நடுகல்லை மீண்டும் பொறித்தல் யார்க்கும் இயலாது.

நடுவத்தின் பணியையும் முன்னரே வரையறுத்தல் வேண்டும். முதல் ஐந்தாண்டில் ஊர்தோறும் கற்களை அளந்து, மைப்படி எடுத்து, ஒளிப்படத்தொடு பட்டியலிட்டுத் தமிழில் வெளியிடுக. அப்பட்டியலை மாவட்ட ஆட்சியர்க்கு அளித்துக் கல் வெட்டும் இசைவாணைக்கு முன் அதனைப் பார்க்கச் செய்க. ஐந்தாம் ஆண்டில் வெளியார் குழுவொன்று பணியை மதிப்பிடுக. பணி நடவாதிருப்பின் பொறுப்பாளரை மாற்றுக, நடுவத்தை மூடற்க.

அன்பர்களே! கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தவன் அதியமான். புலமை நெடிது வாழவேண்டும் என்று கருதிய அம்மன்னனின் பெயரைத் தாங்கும் ஊரார் நாம். உங்கள் வயலில், ஏரிக்கரையில், கோயிலடியில் உள்ள எழுத்துடைய கற்களைக் குறித்தெழுதி, இவ்வேண்டுகோளொடு பல்கலைக்கழகத் துணைவேந்தர்க்கும் ஆட்சிக்குழுவினர்க்கும் விடுக்க. ஊர்க்கொரு மடல் சென்றால், கேளாச் செவியும் கேட்கும்.