கடைசி கிலோபைட்டுக்குக் கொடுக்கும் விலை

உத்திரமேரூர் வட்டம் போன்ற கிராமப்புறங்களில் நெட் மெதுவாக வரும், அதனால் எந்தக் கோப்பையும் முடிந்த மட்டும் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும் என்று ஒரு கருத்து பரவலாக இருக்கிறது. இது அனுப்பும் நேரத்தை மட்டும் பார்க்கிறது. சுருக்கும் நேரமும், வாங்கியவர் விரிக்கும் நேரமும் அதில் கணக்காவதில்லை. விநாடிக்கு 1 எம்பி ஏறும் இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். 100 எம்பி கோப்பை வேகமான முறை 30 எம்பியாகவும், கடுமையான முறை 27 எம்பியாகவும் ஆக்கினால், அனுப்புவதில் மிச்சம் 3 விநாடி. அதற்காகப் பழைய கணினி கூடுதலாக ஒரு நிமிடம் திணறினால் 57 விநாடி நஷ்டம். இணைப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் மிச்சமாவது 30 விநாடிதான். இருபதில் ஒரு பங்காக விழுந்தால்தான் இரண்டும் சமமாகும். மெதுவான நெட் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் கணினியும் பழையதாகவே இருக்கும் என்பதை இந்த வாதம் மறந்துவிடுகிறது.

வேகத்தைத் தேர்ந்தால் கோப்பு பெருத்துவிடும் என்ற அச்சமும் மிகையானது. ஆர்ச் லினக்ஸ் இயங்குதளக் குழு 2019 இறுதியில் தன் மென்பொருள் தொகுப்புகளைக் கடுமையாகச் சுருக்கும் எக்ஸ்இசட் முறையிலிருந்து வேகமான இசட்ஸ்டாண்டர்டுக்கு மாற்றியது. மொத்த அளவு கூடியது சுமார் 0.8 சதவீதம், விரிக்கும் வேகம் கூடியது சுமார் 1,300 சதவீதம் என்று அவர்களே அறிவித்தார்கள். தமிழ் உரைக்கு இது இன்னும் பொருந்தும். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 'க' என்ற ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வேண்டும், 'கி'க்கு ஆறு. ஆனால் அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறியீடுகளுக்கும் ஒன்றே. இரண்டாவதற்கு இரண்டே மதிப்புகள்தான். திரும்பத் திரும்ப வரும் இந்தப் பகுதியை மிக லேசான சுருக்கமே பிடித்துவிடும். தமிழ்க் கோப்பின் பெரிய லாபம் முதல் படியிலேயே கிடைக்கிறது. ஜிஜிப் என்ற சுருக்க நிரலில் 1 முதல் 9 வரை படிகள் இருந்தும் இயல்புநிலை 6 என வைக்கப்பட்டிருப்பதும் இதே காரணத்தால்தான்: மேல்படிகளில் நேரம் ஏறும் அளவுக்கு அளவு இறங்குவதில்லை.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒருமுறை சுருக்கி ஆயிரம் பேர் இறக்கிக்கொள்ளும் கோப்புக்கு அந்த ஒரு நிமிடம் ஒரு பொருட்டா? இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்ற இடத்தில் கடுமையாகச் சுருக்குவதே சரி. அங்கே செலவு ஒருவருக்கு, பலன் எல்லோருக்கும். ஆனால் இ-சேவை மையத்தில் ஒருவர் பட்டா நகலை ஒரே அலுவலகத்துக்கு ஒரே முறை அனுப்புகிறார். நூலகத்தின் நியாயத்தை அவர் மேல் சுமத்துவது தவறு.

எனக்குக் கூடுதல் கவலை தருவது ஸ்கேன் கோப்புகள். ஜேபெக் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதை ஜிப் செய்தால் ஏறக்குறைய ஒன்றும் குறையாது. இன்னும் பெருமளவு குறைக்க வேண்டுமென்றால் படத்திலிருந்து விவரத்தை எறிய வேண்டும். அதன் விளைவை 2013-இல் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல் காட்டினார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர்கள், இடத்தை மிச்சப்படுத்த ஒன்றுபோல் தெரியும் எழுத்து வடிவங்களை ஒன்றாக்கும் ஜேபிக்2 முறையால், எண்களையே மாற்றியிருந்தன. ஒரு கட்டட வரைபடத்தில் 21.11 சதுர மீட்டர் அறை 14.13 ஆகியிருந்தது. எழுத்து மங்கலாகவும் இல்லை, தெளிவாகவே தவறாக இருந்தது. பட்டாவில் ஒரு புல எண் அப்படி மாறினால் நிலம் வேறொருவருடையதாகத் தெரியும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் குடவோலைத் தேர்தலைச் சொல்லும் முதற்பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) படமாகும்போதும் இதே போன்ற ஆபத்துதான்: தேய்ந்த கோடு கல்லில் இருந்தும் படத்தில் இல்லாமல் போகலாம்.

பதிவேற்றும் இணையதளம் கோப்புக்கு அளவு வரம்பு போடுகிறதே என்பார்கள். அதற்கும் வழி இருக்கிறது. எழுத்து மட்டும் உள்ள தாளைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து, ஃபேக்ஸ் காலத்திலிருந்தே உள்ள குரூப் 4 என்ற இழப்பற்ற முறையில் சேமித்தால் கோப்பு சிறிதாகவும் இருக்கும், எண்ணும் மாறாது. கல்வெட்டுப் படத்துக்கு மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பார்வைக்கு மட்டும் சிறிய நகலை அனுப்பலாம்.