பொறி விடுக்கும் மறுமொழி

பணி மிகுந்தோர்க்கு இன்று கைப்பேசியே ஏவலாள் ஆகிவிட்டது. அறுவைக்கூடத்தில் நிற்கும் மருத்துவர்க்கும், மன்றில் வழக்காடும் வழக்குரைஞர்க்கும், ஊர்தியோட்டிச் செல்லும் பொறியாளர்க்கும் வருகின்ற குறுஞ்செய்திகளுக்கு, அவர்தம் கைபடாமலேயே அது மறுமொழி விடுக்கின்றது. இது பயனுடையதா எனின், பயனுடையதே. ஆயினும், எந்த அளவிற்கு, எந்த மொழியில் என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே நாம் இதனைக் கைக்கொள்ளல் வேண்டும்.

ஊர்தியோட்டும்பொழுது கைப்பேசியைத் தொடுகின்றவன் தன்னுயிரோடு பிறர் உயிரையும் இடருக்குள்ளாக்குகின்றான். 2017-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம், ஊர்தி செல்வதை உணர்ந்து, ஒலியை அடக்கி, செய்தி விடுத்தவர்க்கு அந்நிலையைத் தானே தெரிவிக்கும் அமைப்பைத் தன் கைப்பேசிகளில் சேர்த்தது. இதில் பொய்யில்லை, கதவில் தொங்கும் அறிவிப்புப் பலகை போன்றதே இது.

நிலையை அறிவிப்பது வேறு. வாக்குக் கொடுப்பது வேறு. 'உடனே அழைக்கின்றேன்' என்று பொறி சொல்லிவிடுகின்றது. சொன்னதை உரியவர் அறியார். கேட்ட நோயரோ அதனை நம்பிக் காத்திருக்கின்றார். அக்காத்திருப்பில் ஓர் உயிர் போகுமாயின் பொறியைக் கூண்டில் ஏற்ற முடியுமா? எனவே மருத்துவரின் மறுமொழியில் அவர் மீளும் நேரமும், மாற்று மருத்துவரின் எண்ணும், தமிழகத்தில் 108 என்னும் மீட்பூர்தி எண்ணும் இருத்தல் வேண்டும். ஆறுதலும் அறிவுரையும் கேட்டு வரும் செய்திகளுக்கோ மாந்தனே விடையிறுத்தல் வேண்டும்.

இனி மொழிக்கு வருவோம். 3.12.1992 அன்று, பிரித்தானியாவில் நீல் பாப்வொர்த்து என்னும் பொறியாளர் கணிப்பொறியினின்று விடுத்த கிறித்துமசு வாழ்த்தே முதற் குறுஞ்செய்தி. அதன் அமைப்பு உரோமன் எழுத்தை உள்ளத்திற் கொண்டே வகுக்கப்பெற்றது. ஒரு குறுஞ்செய்தி 1,120 இருமக் குறிகளைத் தாங்கும். உரோமன் எழுத்தொன்றிற்கு 7 குறிகள் போதுமாகையால் அதற்கு 160 இடங்கள். தமிழுக்கு 16 குறிகள் தேவைப்படுவதால் நமக்கு 70 இடங்களே. அவற்றுள்ளும் 'க்', 'கு' போன்றவை இவ்விரண்டு இடங்களைக் கொள்கின்றன.

இதைக் காட்டியே சிலர், "தமிழில் எழுதினால் இடம் போதாது" என்பர். 'வண்டியோட்டுகிறேன். மாலை 6 மணிக்குப் பேசுவேன்.' என்னும் மறுமொழி, இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 45 இடங்களையே கொள்கின்றது. குறை தமிழில் இல்லை. எழுத முயலாத நம் சோம்பலில் இருக்கின்றது. ஆயத்தத் தொடர்களை மாற்றி எழுதிக்கொள்ளப் பெரும்பாலான கைப்பேசிகளில் இடமிருந்தும், ஆங்கிலத் தொடரையே அப்படியே விட்டுவைக்கின்றோம். நலம் கேட்டுத் தமிழில் எழுதிய தாய்க்கு, அவள் அறியாத ஆங்கிலத்தில் மகன் பெயரால் பொறி விடை கூறுகின்றது! இதனினும் இழிவு வேறுண்டோ?

தமிழீர்! பொறியை ஏவலாளாகக் கொள்ளுங்கள். நும் நாவாகக் கொள்ளாதீர்கள். இன்றே நும் கைப்பேசியைத் திறந்து, அங்குள்ள அயற்றொடரை நீக்கி, மெய்யான நிலையையும் மீளும் நேரத்தையும் நும் சொல்லில், நல்ல தமிழில் எழுதி வையுங்கள். பணி முடிந்ததும் மறவாது நீங்களே பேசுங்கள்.