ஓட்டை என்று சொல்லும் முன்

கோப்பில் எழுதப்படாத பகுதி ‘ஓட்டை’. கோப்பு முறைமை அப்படிச் சொன்னால், நகலெடுக்கும் நிரல் அதைப் படிக்காமலே தாண்டிவிடும். 2023 நவம்பரில் ஓபன்இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் இந்த நம்பிக்கை உடைந்தது. அப்போதுதான் எழுதப்பட்டு, வட்டுக்குப் போகாமல் நினைவகத்தில் நின்ற தரவை, நொடியின் ஒரு சிறு துளியில் அந்த முறைமை ‘ஓட்டை’ என்றது. மூலக் கோப்பு பத்திரமாக இருந்தது. நகலில் வெறும் பூஜ்யங்கள். பிழைச் செய்தியும் வரவில்லை. பல ஆண்டுகளாக ஒளிந்திருந்த இந்தப் பிழை 2.2.2, 2.1.14 பதிப்புகளில் திருத்தப்பட்டது. எது ஓட்டை என்று சொல்லும் நிரலைப் பரிசீலிப்பவர் வேகத்தைப் பிறகு பார்க்கட்டும். எழுதி முடியாத தரவு இருக்கும்போது என்ன பதில் வரும் என்பதே முதல் கேள்வி. சந்தேகம் இருந்தால் ‘தரவு உண்டு’ என்றே நிரல் சொல்ல வேண்டும். அது தவறானால் கொஞ்சம் நேரம் வீணாகும். ‘ஓட்டை’ என்பது தவறானால் ஒருவரின் உழைப்பே அழியும்.