மூச்சு முட்டினால் உட்காரணுமா, நடக்கணுமா?

போன வெள்ளிக்கிழமை ஊருக்குப் போன் பண்ணினேன் (இங்கே மஸ்கட்டில் வெள்ளி லீவு). பாறசாலைப் பக்கம் இருக்கும் பெரியம்மா, "மக்களே, ரெண்டு எட்டு வச்சா மூச்சு முட்டுது" என்றார். பீடியைத் தொட்டதில்லை. நாற்பது வருஷம் விறகடுப்பில் மரச்சீனிக்கிழங்கு அவித்த புகை. சிஓபிடி வர அதுவே போதும்.

ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தார். வரும்போது கையில் இன்ஹேலர், நீளமான பில், மலையாளத்தில் ஒரு தாள். அவருக்குத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும். வீட்டில் எல்லாரும் பாசத்தில் 'ரெஸ்ட் எடு' என்று கட்டிலில் உட்கார வைத்துவிட்டார்கள்.

நான் பி.காம்., டாக்டர் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், இது தப்பு. உட்கார உட்காரத் தொடைத் தசை கரையும். தசை மெலிந்தால் அதே நடைக்கு இன்னும் மூச்சு வாங்கும். பயந்து மறுபடி உட்காருவோம். வட்டிக்கு வட்டி!

இதற்குத்தான் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. 6 முதல் 12 வாரம் நடை, கை கால் பயிற்சி, இன்ஹேலரைச் சரியாக இழுக்கும் விதம். கெட்டுப்போன நுரையீரல் வாராக்கடன், எழுதித் தள்ளியாச்சு. தசையை வசூல் பண்ணலாம். 2015-ல் காக்ரேன் அமைப்பு 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, மொத்தம் 3822 நோயாளிகள். 6 நிமிஷத்தில் நடக்கும் தூரம் சராசரியாக 44 மீட்டர் கூடியிருந்தது. மூச்சுத்திணறலும் குறைந்தது.

கேரளத்தில் அரசே 'ஸ்வாஸ்' என்று குடும்ப ஆரோக்கிய மையங்களில் இதற்கு கிளினிக் வைத்திருக்கிறது. நல்ல காரியம். நம்ம ஆட்களுக்குத்தான் பெரிய கட்டடம் இருந்தால்தான் ஆஸ்பத்திரி :-)

1956-ல் தெற்கே நாலு தாலுகா தமிழ்நாட்டோடு போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. எல்லைக் கிராமங்களில் பயிற்சித் தாள் தமிழிலும் வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். மூச்சுப் பயிற்சியை ஜாடையில் சொல்லிப் புரியவைக்க முடியாது.

உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடுவதைப் போனில் விளக்கினேன். "ஊதாங்குழல் ஊதுற மாதிரியா?" என்று கேட்டார். அதேதான், ஆனால் தீ பிடிக்காத அளவுக்கு மெல்ல என்றேன். சிரித்தார், இருமல் வந்துவிட்டது. முதலில் டாக்டரிடம் இதயத்தையும் ஆக்ஸிஜன் அளவையும் பார்த்துவிட்டு, அப்புறம் முக்கு வரைக்கும் நடக்கச் சொல்லியிருக்கிறேன். தம்பிதான் திங்கட்கிழமை கூட்டிப் போகிறான்.